டேப்லெட்டில் பழகிய கைக்கு நீர்வண்ணம்

கேள்வி: சென்னையில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பின்னணி ஓவியராக இருக்கிறேன். டேப்லெட்டில் மட்டுமே வரைந்து பழகியவள். சென்ற ஆண்டு காலமான எங்கள் அம்மாச்சியின் முகத்தை நீர்வண்ணத்தில் வரைந்து, அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. 24 டியூப் உள்ள ஒரு பெட்டியும் டிராயிங் நோட்டும் வாங்கிப் பதினொரு முறை முயன்றுவிட்டேன். தாள் அப்பளம் போல நெளிகிறது. முகம் சாம்பல் பூசியது போல ஆகிவிடுகிறது. நிழலைத் திருத்தப் போனால் அடியில் இருப்பதும் கலங்கிச் சேறாகிறது. மென்பொருளை எடுத்துவிட்டால் எனக்கு ஓவியமே தெரியாதோ என்று பயமாக இருக்கிறது. நீர்வண்ணத்தைத் தொடரலாமா, அல்லது அக்ரிலிக்கோ எண்ணெய் வண்ணமோ எனக்கு எளிதாக இருக்குமா? பிறந்தநாளுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்துடன் அனுப்பியிருந்த மூன்று படங்களையும் நெடுநேரம் பார்த்தேன். பயத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாச்சியின் கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது, மூக்கின் நிழல் உதட்டின் மேல் எவ்வளவு தூரம் விழுகிறது, காதில் தொங்கும் தண்டட்டியின் பாரத்தில் காது மடல் எப்படி நீண்டிருக்கிறது என்பதெல்லாம் அந்த மூன்று படங்களிலும் சரியாக வந்திருக்கின்றன. இவற்றை எந்த மென்பொருளும் உங்களுக்கு வரைந்து கொடுக்கவில்லை. வடிவத்தை அளப்பதும், ஒளி எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொள்வதும், முக்கியமானது எது என்று தேர்வதும் ஒன்பது ஆண்டு உழைப்பில் உங்கள் கண்ணில் சேர்ந்தவை. தாளுக்கு வந்த பிறகும் அவை உங்களிடமே இருக்கின்றன. உங்களிடம் இல்லாதது தண்ணீரோடு பழகிய பழக்கம் ஒன்றுதான். ஆறு மாதத்தில் அதைத் தேவையான அளவுக்குப் பழகிவிட முடியும் என்பதை, முப்பது ஆண்டுகளாக இதைக் கற்றுக்கொடுத்து வருபவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளில் ஒன்று உங்கள் கையால் வந்ததே அல்ல. டிராயிங் நோட்டின் தாள் பென்சிலுக்காகச் செய்யப்பட்டது. தண்ணீர் பட்ட பக்கம் அதன் நார்கள் உப்புவதும் படாத பக்கம் அப்படியே இருப்பதும்தான் தாள் நெளியக் காரணம். அதைவிடப் பெரிய கெடுதல் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. நல்ல நீர்வண்ணத் தாளில், தண்ணீரை உடனே குடித்துவிடாதபடி, ஜெலட்டின் போன்ற ஒரு பசையை ஏற்றியிருப்பார்கள். அந்தப் பசையால் வண்ணம் சற்று நேரம் தாளின் மேலேயே ஈரமாக நின்று, நீங்கள் சொன்ன இடத்துக்கு நகர்கிறது. பசையில்லாத தாளில் தூரிகை பட்ட இடத்திலேயே வண்ணம் உள்ளே இறங்கிவிடுவதால், விளிம்பை மிருதுவாக்க உங்களுக்கு அவகாசமே கிடைப்பதில்லை. எனவே சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, முழுவதும் பருத்தியால் ஆன தாளை வாங்குங்கள். மேற்பரப்பு மிக வழுவழுப்பாகவும் வேண்டாம், மிகச் சொரசொரப்பாகவும் வேண்டாம். 'கோல்டு பிரஸ்' என்று கேட்டால் கடையில் தருவார்கள். நோட்டாக வாங்காமல் 22க்கு 30 அங்குல முழுத் தாளாக வாங்கி எட்டாக வெட்டினால், ஒவ்வொன்றும் ஏழரைக்குப் பதினொரு அங்குலம் வரும்; செலவும் குறையும். மலிவான வண்ணத்தை நல்ல தாளில் பூசினால் ஓரளவு தப்பிக்கலாம். விலையுயர்ந்த வண்ணத்தை மட்டமான தாளில் பூசினால் எவராலும் தப்பிக்க முடியாது. பணத்தைத் தாளில் போடுங்கள் என்று என்னிடம் வரும் எல்லோரிடமும் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி, முகம் சாம்பலாகும் விஷயம். இதற்குக் காரணம் உங்கள் தொழிற்பழக்கத்திலேயே இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

திரையில் நிறம் என்பது ஒளி. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நுண்விளக்குகளின் ஒளி ஒன்றோடொன்று கூடிக் கண்ணுக்கு வருகிறது. தாளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் வண்ணப் படலத்துக்குள் நுழைந்து, தாளின் வெண்மையில் பட்டு, மீண்டும் அதே படலத்தின் வழியே வெளியே வருகிறது. போகும்போதும் வரும்போதும் நிறமித் துகள்கள் அதில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்கின்றன. விழுங்கியது போக மிஞ்சியதைத்தான் நாம் நிறம் என்று பார்க்கிறோம். உங்கள் மென்பொருளில் சுத்த நீலத்தையும் சுத்த மஞ்சளையும் சரிபாதியாகக் கலந்து பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் நடுத்தரச் சாம்பல் கிடைக்கும். தாளில் அதே இரண்டைக் கலந்தால் பச்சை வரும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். நிறமிகள் ஒளியை எப்படி விழுங்கிச் சிதறடிக்கின்றன என்பதற்கான சமன்பாடுகளைக் குபெல்கா, முங்க் என்ற இருவர் 1931ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார்கள். ஆனாலும் வரைகலை மென்பொருள்களில் சில மட்டும்தான், அதுவும் அண்மைக் காலத்தில்தான், அந்த வழியில் வண்ணம் கலக்கத் தொடங்கியிருக்கின்றன. ஆகவே ஒன்பது ஆண்டுகளாக உங்கள் கண் கற்றுவைத்திருக்கும் கலவைக் கணக்கு ஒளியின் கணக்கு; டியூபுகளுக்கு அது பொருந்தாது.

உங்கள் இரண்டாவது படத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. கன்னத்தின் நிழலில் ஊதா பூசியிருக்கிறீர்கள். அலுவலகத்தில் ஒரு முகத்துக்கு நிழல் போடும்போது, தோல் நிறத்தின் மேல் புதிதாக ஒரு லேயர் திறந்து, அதை மல்டிப்ளையில், அதாவது கீழே உள்ள நிறத்தைக் கருமையாக்கும் கலப்பு முறையில் வைத்து, இளம் ஊதாவை நிரப்புவீர்கள் அல்லவா? திரையில் அது அழகாக இருக்கும். தாளில், செம்மண் சாயல் கொண்ட தோல் நிறத்தின் மேல் ஊதா ஏறும்போது, இரண்டும் சேர்ந்து அநேகமாக எல்லா ஒளியையும் விழுங்கிவிடுகின்றன, மிஞ்சுவது சாம்பல். போதாததற்கு, பெட்டியில் 'ஸ்கின்' என்று எழுதிய டியூபை அடித்தளமாகப் பூசியிருக்கிறீர்கள். பெரும்பாலும் வெள்ளை கலந்து வரும் நிறம் அது. நம்மூர் முகங்களை மனத்தில் வைத்துச் செய்ததும் அல்ல. வெள்ளை கலந்த வண்ணம் நீர்வண்ணத்தின் உயிரான ஊடுருவும் ஒளியை அடைத்துவிட்டு, சுண்ணாம்பு பூசியது போல நிற்கும்.

24 டியூப் பெட்டியை ஒதுக்கி வையுங்கள். டியூபின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் நிறமியின் குறியீடு அச்சிட்டிருக்கும். மலிவான பெட்டிகளில் ஒரே டியூபில் இரண்டு, மூன்று நிறமிகள் கலந்திருப்பது சகஜம். அப்படிப்பட்ட இரண்டு டியூபுகளைக் கலந்தால், உங்களுக்கே தெரியாமல் ஐந்து, ஆறு நிறமிகளைக் கலந்துவிடுகிறீர்கள். ஒரே நிறமியுள்ள டியூபுகள் ஐந்து போதும்: அல்ட்ராமரீன் நீலம் (பிபி 29), பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு (பிபிஆர் 7), யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள் (பிஒய் 43), குவினாக்ரிடோன் ரோஸ் (பிவி 19), லெமன் யெல்லோ (பிஒய் 3). கறுப்பு வேண்டாம், வெள்ளையும் வேண்டாம். அல்ட்ராமரீனையும் பர்ன்ட் சியன்னாவையும் கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்கு மிக நெருங்கிய ஒரு கருமை கிடைக்கும். டியூப் கறுப்பைவிட அது உயிரோட்டமானது; ஏனெனில் நீலப் பக்கமோ பழுப்புப் பக்கமோ நீங்கள் விரும்பியபடி அதைச் சாய்க்கலாம்.

அம்மாச்சியின் முகத்துக்கு இந்த ஐந்தே போதும். அவர் நல்ல மாநிறம். வெயிலில் உழைத்த தோல். நான் வரைவதாக இருந்தால், முதலில் யெல்லோ ஓக்கரில் இம்மியளவு ரோஸ் சேர்த்து, மிக நீர்க்கக் கரைத்து, முகம் முழுவதும் ஒரே பூச்சாகப் பூசுவேன். நெற்றி மேட்டிலும் மூக்குத் தண்டிலும் வானத்து வெளிச்சம் பட்டு மினுங்கும் இடங்களை மட்டும் வெறும் தாளாக விட்டுவிடுவேன். கருத்த தோலின் மினுமினுப்பு குளிர்ந்த நிறத்தில்தான் இருக்கும். பிறகு அங்கே நீலத்தைக் கரைத்த தண்ணீரை லேசாக ஓட்டிக்கொள்ளலாம். அது முற்றிலும் காய்ந்த பிறகு, பர்ன்ட் சியன்னாவைப் பாதி வலிமையில் கரைத்து, ஒளிபடாத பக்கங்களுக்கெல்லாம் பூசுவேன். அது இன்னும் ஈரமாக இருக்கும்போதே, தாடைக்கு அடியிலும் கண்குழியிலும் சற்றே நீலம் சேர்ந்த சியன்னாவைத் தொட்டு வைத்தால், அது தானாகப் பரவி நிழலாகும். நீலத்தின் அளவில்தான் எச்சரிக்கை வேண்டும்: சியன்னா அதிகமாக, நீலம் குறைவாக. இரண்டும் சரிபாதியை நெருங்கினால் மறுபடியும் சாம்பல் வந்துவிடும். உதட்டுக்கும் கண்ணின் உள்முனைக்கும் காது மடலுக்கும் ரோஸ். இவ்வளவுதான். மூன்று பூச்சுகளுக்கு மேல் போகவே கூடாது.

ஏன் மூன்று என்று சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் மூன்றாவது கோளாறு அங்கேதான் இருக்கிறது. நீர்வண்ணத்தின் நிறமியைத் தாளோடு பிடித்துவைத்திருப்பது அரபிக் பசை. அது அகேசியா இன மரத்தின் பிசின். காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மீண்டும் கரையும் குணமுடையது. உங்கள் மென்பொருளில் மேல் லேயரில் எத்தனை முறை தீட்டினாலும் கீழ் லேயர் அசையாது. தாளில் மேலே தூரிகையை முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் கீழே இருப்பது கரைந்து மேலே வந்து கலக்கும். அதைத்தான் நீங்கள் சேறு என்று எழுதியிருக்கிறீர்கள். மென்மையான தூரிகையால், நிறைய வண்ணத்துடன், ஒரே வீச்சாகப் பூசிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பூசிய இடம் திருப்தியாக இல்லையென்றாலும் காயும் வரை தொடக் கூடாது. ஈரமாக இருக்கும்போது நிறம் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்ததும் வெளிறிவிடும். ஆகவே ஈரத்தில் பார்த்துத் தீர்ப்பு சொன்னால் அந்தத் தீர்ப்பு தவறாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும்விட இந்த ஈரத்தைப் படிக்கத்தான் நீங்கள் அதிக நாள் செலவிட வேண்டும். இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. முதல் இரண்டு வாரம் வேறு எதுவும் செய்யாமல் இதை மட்டும் செய்யுங்கள்.

ஒரு பலகையில் தாளின் நான்கு ஓரங்களையும் காகித டேப்பால் ஒட்டி, பலகையின் தலைப்பக்கத்துக்கு அடியில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துச் சற்றே சரித்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் பர்ன்ட் சியன்னாவைத் தேவைக்கு இருமடங்காகக் கரைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்துபோனால் அதே நிறத்தை மறுபடி கலக்க முடியாது. ஓர் அங்குலத் தட்டைத் தூரிகையை நன்றாக நனைத்து, மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. இப்போது அந்தக் கோட்டின் அடிவிளிம்பைக் குனிந்து பாருங்கள். வண்ணநீர் ஒரு தடித்த நூல் போல, வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு, கீழே வழியத் தயாராக நிற்கும். அடுத்த இழுப்பில் தூரிகையின் முனை அந்த ஈர நூலை மட்டும் தொட வேண்டும். அது அப்படியே கீழ்க் கோட்டுக்கு இறங்கி வந்து மறுபடியும் அடிவிளிம்பில் நிற்கும். இப்படியே அதைத் தாளின் கடைசி வரை இறக்கிக்கொண்டு வந்து, முடிவில் தூரிகையைத் துணியில் ஒற்றிப் பிழிந்துவிட்டு, மிஞ்சிய நீரை அதன் முனையால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தாள் முழுவதும் ஒரே சீரான நிறமாக இருந்தால் அன்றைய பாடம் முடிந்தது. கோடு கோடாக இருந்தால் ஈர நூல் எங்கோ அறுந்துவிட்டது என்று பொருள்.

பூசி முடித்ததும் எழுந்து போய்விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து, தாளைச் சாய்வாக வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் தண்ணீர் தேங்கிப் பளபளக்கும். பிறகு தேக்கம் போய், பட்டுத்துணி போன்ற ஒரு மினுமினுப்பு மட்டும் இருக்கும். அதன் பிறகு மினுமினுப்பும் போய் மங்கலாகத் தெரியும். ஆனால் புறங்கையை வைத்துப் பார்த்தால் தாள் குளிர்ச்சியாக இருக்கும், உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. கடைசியாகக் குளிர்ச்சியும் போனால்தான் அது காய்ந்த தாள். பட்டு மினுமினுப்பு நிலையில் கெட்டியான வண்ணத்தைத் தொட்டு வைத்தால் விளிம்பு அழகாகக் கரையும். தாடை நிழலுக்கான தருணம் அது. மினுமினுப்பு போய்க் குளிர்ச்சி மட்டும் இருக்கும் நிலையில் தொட்டீர்களானால், குறிப்பாகத் தண்ணீர் அதிகமுள்ள தூரிகையால் தொட்டீர்களானால், புதிய நீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் பூப்போல ஒரு கறையை உண்டாக்கும். உங்கள் முதல் படத்தின் நெற்றியில் இருப்பது அந்தக் கறைதான்.

நம்மூர் வானிலையை இதில் மறந்துவிடக் கூடாது. மே மாதத்து மதியத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் அந்தப் பட்டு மினுமினுப்பு ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. ஐப்பசி மழையில் அரைமணி நேரம் ஆகியும் தாள் குளிர்ச்சியாகவே கிடக்கும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து அவர்கள் சொல்லும் நிமிடக் கணக்கை நம்பிப் பூசிக் கெடுத்துக்கொண்ட மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடிகாரத்தைப் பார்க்காமல் தாளைப் பாருங்கள். வரையும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பூச்சுகளுக்கு இடையில் காயவைக்க மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியே இன்னொன்று: வண்ணம் கலக்கும் தட்டான பேலட்டை ஈரத்தோடு மூடி வைத்தால் நம் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். இரவு முழுவதும் திறந்துவைத்துக் காயவிட்டுப் பிறகு மூடுங்கள்.

ஈரம் காய்வதற்குள் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் நம் மண்ணின் ஓவியர்களுக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றை ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன், அவை ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டப்பட்டவை என்று நிறுவினார். சுண்ணாம்பு இறுகுவதற்குள் தீட்டினால்தான் நிறம் சுவரோடு ஒன்றும். அந்தச் சுந்தரரையும் நடன மாதரையும் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கைகள் சுவரருகே போவதற்கு முன்பே எவ்வளவு தீர்மானித்து வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் எழும்.

கடைசியாகச் செய்ததை நீக்கும் அன்டூ பொத்தானைப் பற்றி நான் சொல்ல வேண்டியதும் இதுவே. அந்தப் பொத்தான் இருப்பதால், நீங்கள் வரைந்துகொண்டே முடிவெடுக்கிறீர்கள். போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் நீக்கி, மறுபடி போடுகிறீர்கள். அது ஒரு நேர்மையான வேலைமுறைதான், அதில் குறையில்லை. நீர்வண்ணத்தில் அந்த முடிவுகள் அத்தனையையும் தூரிகையை நனைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் வேறுபாடு. நல்ல செய்தி என்னவென்றால், அந்த முன்வேலையைச் செய்ய உங்கள் டேப்லெட்டைவிடச் சிறந்த கருவி கிடையாது. அம்மாச்சியின் புகைப்படத்தை வெறும் மூன்றே அடர்வுகளாக, அதாவது வெண்மை, நடுத்தரம், கருமை என்று பிரித்து, தீப்பெட்டி அளவில் பத்துச் சிறுபடங்கள் திரையில் போடுங்கள். அன்டூவை எத்தனை முறை வேண்டுமானாலும் அங்கே அழுத்துங்கள். எந்த வெண்மையைத் தாளாக விடப்போகிறோம், எந்த விளிம்பு கூர்மை, எது கரைய வேண்டும் என்பது முடிவான பிறகு, அந்தச் சிறுபடத்தை அச்சிட்டுப் பலகையின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்காருங்கள்.

திரையில் வரைபவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: கண்ணிமையைப் பெரிதாக்கி அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவது. தாளைப் பெரிதாக்க முடியாது. ஆனால் எழுந்து ஆறடி பின்னால் போக முடியும். ஒவ்வொரு பூச்சு முடிந்ததும் போங்கள். படத்தைத் திருப்பிப் பார்க்கும் பொத்தானுக்குப் பதிலாக, முகம் பார்க்கும் கண்ணாடியில் பாருங்கள். உருவத்தைத் தாளுக்கு மாற்றக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். பதினெட்டு வயதில் நான் சென்னையில் ஒரு சினிமா பேனர் கம்பெனியில் எடுபிடியாக இருந்தேன். உள்ளங்கை அளவுப் புகைப்படத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, இருபதடித் துணியில் நூல் அடித்து அதே கட்டங்களைப் போட்டு, அந்த ஆசான்கள் ஒரு நாள் பகலுக்குள் ஒரு முகத்தை எழுப்பிவிடுவார்கள். சாரத்தின் மேல் நின்றால் அவர்களுக்கு ஒரு கண் மட்டுமே தெரியும். முழு முகத்தைப் பார்க்க இறங்கித் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, ஒரு பீடி முடியும் வரை பார்த்துவிட்டு, திரும்ப ஏறி, எங்கே தொட வேண்டுமோ அங்கே மட்டும் தொடுவார்கள். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை விழுங்கிவிட்டது. அவர்களிடம் நான் கற்ற அந்த எதிர்ப்பக்கம் போய் நிற்கும் பழக்கத்தைத்தான் இன்றும் ஏழரை அங்குலத் தாளுக்குப் பயன்படுத்துகிறேன்.

திருத்தவே முடியாதா என்று கேட்பீர்கள். ஓரளவு முடியும். காய்ந்த வண்ணத்தைச் சுத்தமான ஈரத் தூரிகையால் மெதுவாக வருடி, மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுக்கலாம். அல்ட்ராமரீனும் ஓக்கரும் பெரும்பாலும் இணங்கி வந்துவிடும். தாலோ நீலம் போன்றவை தாளைச் சாயமேற்றிவிடுவதால் வரவே வராது. அதனால்தான் அதை உங்கள் ஐந்தில் சேர்க்கவில்லை.

மாற்று ஊடகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுக நாள்கணக்கில் ஆகும். ஓர் அறை வீட்டில் டர்பென்டைன் நெடியோடு படுத்து உறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அக்ரிலிக் நம் வெயிலில் பேலட்டிலேயே காய்ந்துவிடும். காய்ந்தால் தூரிகையும் போச்சு. உங்கள் கைக்கு உண்மையில் நெருக்கமானது குவாஷ் அல்லது போஸ்டர் கலர். மேலே பூசினால் அடியில் இருப்பதை மறைக்கும் என்பதால் திருத்த இடம் தரும். பின்னணி ஓவியரான உங்களுக்கு அது முன்னோர் வழியும்கூட: ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் ஸ்டூடியோவின் பின்னணி ஓவியர் கசுவோ ஓகா அதன் படங்களில் வரும் காடுகளையும் வயல்களையும் போஸ்டர் கலரில்தான் தீட்டினார். எளிது எது என்று மட்டும் கேட்டிருந்தால் குவாஷைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் வரைய விரும்புவது ஒரு வயதான முகத்தை. தாளின் வெண்மை தோலுக்கு உள்ளிருந்து ஒளிர்வது போலத் தெரிவது நீர்வண்ணத்தில் மட்டுமே கிடைக்கும். ஆகவே தொடருங்கள்.

தூரிகைகள் மூன்று போதும்: 12ஆம் எண், 6ஆம் எண் உருண்டைத் தூரிகைகள், ஓர் அங்குலத் தட்டை ஒன்று. நல்ல செயற்கை இழையே போதுமானது. யாராவது கீரி முடித் தூரிகை என்று காட்டினால் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரம் குற்றம், அதற்காகக் கொல்லப்படும் உயிர்கள் ஏராளம். உங்கள் டேப்லெட் பேனா ஆயிரக்கணக்கான அழுத்த நிலைகளை உணரும். தூரிகையில் அழுத்தத்தோடு, அது எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்பதும் சேர்ந்தே கோட்டைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு தொடுதலுக்கும் முன்னால் துணியில் ஒருமுறை ஒற்றுவதை மூச்சு விடுவது போலப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்தை இப்படிப் பிரித்துக்கொள்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். முதல் மாதம் பூச்சுப் பயிற்சியும், பர்ன்ட் சியன்னா என்ற ஒரே நிறத்தில் முட்டை, வெங்காயம், பித்தளைச் செம்பு போன்ற எளிய பொருள்களும். இரண்டாம் மாதம் ஐந்து நிறங்களையும் இரண்டிரண்டாகக் கலந்து, பெயரெழுதிய கட்டங்களாக ஒரு தாளில் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். உங்கள் கண்ணிலுள்ள ஒளிக் கணக்கு அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்துத்தான் மாறும். மூன்றாம், நான்காம் மாதங்களில் உயிருள்ள முகங்களை, முடிந்தால் அம்மாவையே, ஜன்னலோரம் உட்காரவைத்து நாற்பது நிமிடத்துக்குள் முடியும்படி சிறிதாக வரையுங்கள். புகைப்படம் நிழல்களைக் கறுப்பாக்கிவிடும். அம்மாவின் கழுத்து நிழலில் எவ்வளவு செம்மை இருக்கிறது என்பதை நேரில் பார்த்தவருக்குத்தான் அம்மாச்சியின் புகைப்படத்தில் இல்லாத அந்தச் செம்மையைச் சேர்க்கத் தெரியும். ஐந்தாம் மாதம் அம்மாச்சியைத் தொடங்குங்கள். ஒன்றை மட்டும் வரையாமல், ஒரே வாரத்தில் ஐந்து தாள்களில் ஐந்து முறை வரையுங்கள். இது ஒன்றுதான் என்ற நினைப்பு இருந்தால் கை இறுகிவிடும். நான் பார்த்தவரை, பெரும்பாலும் மூன்றாவதோ நான்காவதோதான் நன்றாக அமையும்.

கடைசி மாதம் சட்டத்துக்கு. தாள் கண்ணாடியில் நேரடியாக ஒட்டாதபடி நடுவில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூஞ்சை வரும். நான் சொன்ன ஐந்து நிறமிகளும் ஒளியில் நன்றாக நிலைத்து நிற்பவை. பெட்டியிலுள்ள பளீர் ரோஸ் போன்றவை சில ஆண்டுகளிலேயே வெளிறிவிடும். ஆனாலும் நேர் வெயில் விழும் சுவரில் எந்த நீர்வண்ணத்தையும் மாட்டக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

அந்தப் பதினொரு தாள்களையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவற்றின் பின்பக்கம் பென்சிலுக்கு நல்ல பக்கம்தான். மூன்றாம் மாதம் அம்மாவை உட்காரவைத்து வரையும்போது, தூரிகையை எடுப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடக் கோட்டுப் படங்களுக்கு அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஐந்து அம்மாச்சிகளும் முடிந்ததும், காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எதைச் சட்டமிடலாம் என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.